வேர் பிடிக்கும் காலம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

நாற்றங்காலில் பச்சைப் பசேலென்று நின்ற நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டால் என்ன நடக்கும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் பார்த்திருப்பார்கள். நட்ட மறுநாளே நாற்று தலை சாயும். இலை நுனி மஞ்சளாகும். அறியாதவர் பார்த்தால் பயிர் போய்விட்டது என்றே எண்ணுவர். ஆனால் வயலுக்குரியவர் கலங்குவதில்லை. தண்ணீரை அளவாகக் கட்டிவிட்டு ஒரு வாரம், பத்து நாள் பொறுத்திருப்பார். பிறகு நாற்று நிமிரும். "பச்சை பிடித்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டே வரப்பில் நடப்பார்.

மனிதரும் இவ்வாறு பெயர்த்து நடப்படுவதுண்டு. ஒரு நாட்டிலிருந்து அண்டை நாட்டுக்குப் பரிமாற்ற மாணவராகப் படிக்கச் செல்வோர் அப்படிப்பட்டவர்கள். மலையிலிருந்து சமவெளிக் கல்லூரிக்கு இறங்கி வருவோரும் அப்படிப்பட்டவர்களே. புதிய மண்ணில் இவர்கள் வேர் பிடிக்கும் காலம் எத்தகையது, அப்போது உள்ளத்தில் நிகழ்வது என்ன, எதனால் சிலர் நிமிர்கிறார்கள், சிலர் வாடியே போகிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதை நூலறிவால் மட்டும் எழுதவில்லை. கொல்லிமலையிலிருந்து பெயர்த்து நடப்பட்ட நாற்றுகளில் நானும் ஒருவன்.

எங்கள் ஊரில் 'அயல்நாடு'

கொல்லிமலையில் மொத்தம் 14 ஊராட்சிகள். அவை ஒவ்வொன்றுக்கும் 'நாடு' என்றே பெயர். வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, சேளூர்நாடு, குண்டூர்நாடு, தின்னனூர்நாடு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆகவே எங்களுக்கு 'அயல்நாடு' என்பது விமானம் ஏறிச் செல்லும் இடமன்று. ஒரு மேட்டைக் கடந்தால் வந்துவிடும்! பதினோரு வயதில் நான் வேறொரு நாட்டிலிருந்த உண்டு உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டேன். அதுவே என் முதல் அயல்நாட்டுக் கல்வி. மூன்று இரவுகள் அழுதேன். நான்காம் நாள் பந்து விளையாடினேன். குளிர் அதே குளிர்; களி அதே களி; பேச்சும் அதே பேச்சு. மண் மாறவில்லை, பாத்திதான் மாறியது.

கல்லூரிக்கு வந்தது வேறு. செம்மேட்டில் பேருந்து ஏறினால் காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் காது அடைத்துக்கொள்ளும். உயரம் 1000 மீட்டர் குறைந்தால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் கூடும் என்று புவியியல் புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அது எப்படிப்பட்ட உண்மை என்பதை அன்றைக்குத்தான் என் சட்டை நனைந்து அறிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆதலால் "அங்கே எப்படி இருக்கும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை. அப்பா பேருந்து நிலையம் வரை வந்தார். பையைக் கையில் கொடுத்துவிட்டு, "பார்த்து இருந்துக்கோ" என்றார். அதற்கு மேல் சொல்ல அவருக்கும் ஒன்றும் தெரியாது.

கடல் கடந்து வந்தவர்கள்

படிப்பதற்காக நாடு விட்டு நாடு செல்வது புதிய வழக்கமன்று. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து யுவான் சுவாங் நாளந்தாவுக்கு வந்து ஆண்டுக்கணக்கில் தங்கிப் பயின்றார். நம் தமிழகத்துக்கு அருகிலேயே இன்னும் சுவையான ஒரு சான்று உண்டு. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் பட்டதாரிகள் இருவர்: கரோல் விசுவநாதபிள்ளை, சி.வை. தாமோதரம்பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தவர்! நம் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிப் பட்டியல் கடல் கடந்து வந்த இரு தமிழரின் பெயர்களோடுதான் தொடங்குகிறது.

தாமோதரம்பிள்ளை 1832-இல் சிறுப்பிட்டியில் பிறந்தவர். வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்றவர். சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' இதழின் ஆசிரியராய்ப் பணி செய்தார். வந்த இடத்தில் வேர் பிடித்தார். பிடித்தபின் கனி கொடுத்தார். செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடியெடுத்து 1881-இல் வீரசோழியத்தையும், 1887-இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். இன்று நம் தமிழாசிரியர்கள் வகுப்பறையில் கலித்தொகையை விரிக்கிறார்களென்றால், அண்டை நாட்டிலிருந்து வந்த ஒருவரின் கைம்மாறும் அதில் இருக்கிறது. இதை நாம் மறக்கலாகாது.

இக்காலத்தில் இத்தகைய போக்குவரத்துக்கு நிறுவனங்களே இருக்கின்றன. மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1950-இல் தொடங்கிவைத்த இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம், அயல்நாட்டு மாணவர்கள் இந்தியாவில் பயில உதவித்தொகை வழங்குகிறது. சார்க் அமைப்பின் எட்டு நாடுகளும் சேர்ந்து உருவாக்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தில்லியில் வகுப்புகளைத் தொடங்கியது. ஐரோப்பாவில் 'எராஸ்மஸ்' என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987 முதல் நடந்து வருகிறது. உதவித்தொகை, இருக்கை, விடுதி ஆகியவற்றை நிறுவனங்கள் கொடுத்துவிடும். வேர் பிடிக்கும் வேலையை மட்டும் அவரவரேதான் செய்தாக வேண்டும்.

வளைகோடு சொல்லும் செய்தி

இதை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று திரும்பிய நார்வே நாட்டவர் 200 பேரை ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்பவர் ஆராய்ந்து 1955-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதத்துக்கும் குறைவாகத் தங்கியவர்கள் நன்றாகவே இருந்தார்கள். பதினெட்டு மாதத்துக்கு மேல் தங்கியவர்களும் நன்றாகவே இருந்தார்கள். இடையில் உள்ளவர்கள்தாம் சோர்ந்திருந்தார்கள். இதை வரைபடமாக இட்டால் ஆங்கில 'யூ' எழுத்தைப்போல் வரும்: முதலில் மேடு, நடுவில் பள்ளம், பின்பு மீண்டும் மேடு.

கலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியல் அறிஞர் இதற்குக் காரணம் கூற முற்பட்டார். 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் அவர் 'பண்பாட்டு அதிர்ச்சி' என்னும் நிலையை விளக்கினார். சொந்த ஊரில் நாம் எண்ணிப் பாராமலே ஆயிரம் சிறு குறிப்புகளைப் பின்பற்றுகிறோம். யாரைப் பார்த்தால் எழ வேண்டும், எங்கே சிரிக்கலாம், எப்போது கேட்கலாம், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் நமக்கு அத்துபடி. புதிய இடத்தில் அந்தக் குறிப்புகள் அனைத்தும் ஒரே நாளில் பயனற்றுப் போகின்றன. அந்தத் தடுமாற்றத்தில் பிறக்கும் கலக்கமே அதிர்ச்சி என்பது அவர் விளக்கம்.

எல்லோர்க்கும் வளைவு ஒரே வடிவாய் அமைவதில்லை. நியூசிலாந்துக்குப் படிக்கச் சென்ற ஜப்பானிய மாணவர்களை ஆராய்ந்து 1998-இல் வெளியான கட்டுரை, வந்து இறங்கிய தொடக்க நாட்களே மிகக் கடினமானவை என்று கண்டது. என் அனுபவத்தில் முதல் வாரம் திருவிழா போல் கழிந்தது. பெரிய கட்டடம், நூலகம், கடைத்தெரு என்று எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தேன். இரண்டாம் வாரத்தில் பள்ளம் தொடங்கியது. ஐந்தாம் வாரத்தில் பையைக் கட்டி வைத்துக்கொண்டு விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

வேர்த்தூவிகள் அறுபடும்போது

பிடுங்கி நட்ட நாற்று ஏன் வாடுகிறது? தாவரவியல் இதற்குத் தெளிவான விடை தருகிறது. மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுபவை தடித்த வேர்கள் அல்ல. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத மெல்லிய வேர்த்தூவிகள். பிடுங்கும்போது அறுபடுபவை அவையே. மேலே இலைகள் வழக்கம்போல் நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கின்றன. கீழே உறிஞ்சுவதற்கு ஆள் இல்லை. வரவு குறைந்து செலவு குறையாத குடும்பம் போல் செடி தள்ளாடுகிறது. புதிய தூவிகள் முளைத்தபின்தான் நிமிர்கிறது.

மாணவனுக்கும் அறுபடுபவை கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு தூவிகளே. என் தூவிகளில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். எங்கள் சமூகத்தின் பெயர் 'மலையாளி'. மலையை இடமாகக் கொண்டவர் என்பது பொருள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் என்றும், அவர்கள் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் எங்கள் பெரியவர்கள் கதை சொல்வார்கள். நான் விண்ணப்பத்தில் 'மலையாளி' என்று எழுதியதும், பக்கத்தில் நின்ற மாணவர் ஒருவர், "கேரளாவா? தமிழ் நல்லாப் பேசறீங்களே!" என்று வியந்தார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. இருந்தாலும் சொந்த மாவட்டத்திலேயே அயல்நாட்டான் ஆகிவிட்டது போல் இருந்தது. அதே கேள்வி இருபது முறை வந்தபின் நான் ஊர்ப்பெயர் சொல்வதையே நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது, சொல். முதல் வாரத்தில் ஒருநாள் 'ஆஸ்மாசிஸ்' பற்றிய பாடம். ஒரு மணி நேரம் திகைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியாத ஏதோ பெரிய பொருள் என்று அஞ்சினேன். மாலையில் அகராதியைப் பார்த்தால், அது நம் 'சவ்வூடு பரவல்'! பள்ளித் தேர்வில் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய பாடம் அது. தெரிந்த பொருளே வேறு சட்டை போட்டு வந்து என்னை மிரட்டிவிட்டது.

மூன்றாவது, உடம்பு. தலைக்கு மேல் மின்விசிறி இரைந்து சுழல, அதன் கீழ் தூங்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதை நிறுத்தினால் கொசுவும் புழுக்கமும் விடவில்லை. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் பழகிய வயிற்றுக்கு மூன்று வேளை விடுதி உணவு பாரமாய் இருந்தது. இவையெல்லாம் வெளியில் சொன்னால் சிரிப்பார்களே என்று வெட்கப்படத்தக்க சிறு விஷயங்கள். ஆனால் அறுபடுவதெல்லாம் சிறியனவே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. கும்பகோணம் அரசு கல்லூரியில் பயின்ற கணித மேதை இராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே அவர் இரவெல்லாம் குளிரில் நடுங்கினார். படுக்கையில் விரித்திருக்கும் கம்பளிகளை விலக்கி, அவற்றுக்குள்ளே நுழைந்து படுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. கம்பளிகளின் மேலேயே மேலங்கியோடு படுத்திருந்தார். அவரைக் காண வந்த பி.சி. மகலனோபிஸ்தான் பார்த்துப் பதறி, கம்பளிக்குள் படுக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தார். எண்களின் உள்ளே எளிதாய் நுழைந்த மேதைக்குக் கம்பளியின் உள்ளே நுழையத் தெரியவில்லை! அது அவர் அறிவின் குறையன்று. யாரும் சொல்லவில்லை என்பதே காரணம். அந்த நாட்டாருக்கோ அது சொல்லித் தர வேண்டிய செய்தி என்றே தோன்றியிருக்காது. புதிதாக வருபவன் தடுக்கி விழுவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான்.

நாற்பதாம் நாள் திரும்பியவன்

இங்கே என் தோழன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறைவிடப் பள்ளியில் ஏழாண்டுகள் என்னோடு ஒரே பாயில் படுத்தவன். கணக்கில் என்னைவிட வல்லவன். அவன் வேறொரு நகரில் ஒரு கல்லூரியில் கணிதம் சேர்ந்தான். விடுதியில் இடம் வரும் வரை தெரிந்தவர் ஒருவர் அறையில் ஒண்டியிருந்தான். ஏதோ ஒரு சான்றுக்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனான். ஒவ்வொரு முறையும் ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றையும் முதல் நாளே சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். அந்த அலைச்சலில் கைச்செலவுக்கு வைத்திருந்த பணமும் கரைந்தது.

அந்த நாட்களில் ஓர் இரவு அவன் கைபேசியில் அழைத்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உனக்கு அங்க எப்படிடா இருக்கு? எனக்கு மட்டுந்தான் இப்படி இருக்கா?" என்று கேட்டான்.

நான் அப்போதுதான் திண்ணையில் பையோடு உட்கார்ந்திருந்த சமயம். ஆனால் வாய் வேறு சொன்னது: "எனக்கென்னடா, ஜோரா இருக்கு. நீயும் பழகிக்கோ" என்றேன். ஊருக்குள் என் பெயர் கெட்டுவிடக்கூடாது என்ற அற்ப கௌரவம்! அவன் "சரி" என்று வைத்துவிட்டான். அந்த வாரமே, நாற்பதாம் நாள், மலைக்குப் பேருந்து ஏறிவிட்டான். பிறகு ஒரு நூற்பாலைக்கு வேலைக்குப் போனான்.

லிஸ்கார்டின் வளைகோட்டைப் பற்றி நான் பின்னர் நூலகத்தில் படித்தபோது இந்த உரையாடல்தான் நினைவுக்கு வந்தது. பள்ளம் எல்லோர்க்கும் வருவது. அது முடிந்து மேடும் வருவது. இதை அறிந்தவன் காத்திருப்பான். அறியாதவனோ குறை தன்னிடமே இருப்பதாக எண்ணி வெளியேறுவான். "எனக்கும் அப்படித்தான்டா இருக்கு" என்ற ஒரே ஒரு வாக்கியம் அன்று அவனுக்குத் தேவைப்பட்டது. அது என் கையில் இருந்தும் நான் கொடுக்கவில்லை.

தாய் மண்ணும் புது மண்ணும்

கன்றுகளைப் பெயர்த்து நடும்போது அனுபவமுள்ளவர்கள் வேரைக் கழுவி நடமாட்டார்கள்; தாய் மண்ணோடு சேர்த்தே எடுப்பார்கள். அந்த மண்கட்டி வேர்த்தூவிகளைக் காக்கிறது. வேரோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகளும் அதில் இருக்கின்றன. அவை பாஸ்பரஸ் போன்ற சத்துகளை மண்ணிலிருந்து திரட்டிக் கன்றுக்கு ஊட்டுகின்றன. அவ்வளவு நன்மை அந்த ஒரு பிடி மண்ணில்!

மாணவனுக்கும் ஒரு பிடி தாய் மண் வேண்டும். காந்தியடிகள் 1888-இல், பத்தொன்பது வயது நிறையும் முன்பே, இலண்டனுக்குப் படிக்கச் சென்றார். இரவுகளில் தாயை நினைத்துக் கண்ணீர் விட்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆங்கிலக் கனவானாக மாறிவிட்டால் துன்பம் தீரும் என்றெண்ணி விலையுயர்ந்த உடை தைத்துக்கொண்டார், நடனம் பழகினார், வயலின் வாங்கினார். எதுவும் ஒட்டவில்லை. அன்னைக்குக் கொடுத்த வாக்குப்படி புலால் உண்ணாமல் பசியோடு அலைந்தவர் ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டுபிடித்தார். அதன் வழியாக இலண்டன் மரக்கறியாளர் சங்கத்தில் சேர்ந்து அந்நாட்டு நண்பர்களைப் பெற்றார். தன் மண்ணை உதறியபோது அல்ல, அதைப் பற்றி நின்றபோதே அவருக்குப் புது மண்ணில் வேர் இறங்கியது.

எனக்கு அந்த ஒரு பிடி மண், ஆயா கட்டிக்கொடுத்த சாமை அரிசி. விடுதிச் சமையற்காரர் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அதைத் தனியாக வேகவைத்துத் தந்தார். அன்று இரவுதான் நான் முதன்முறையாக விசிறிச் சத்தம் கேளாமல் தூங்கினேன்.

ஆயினும் இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. எங்கள் மலையில் காப்பிக் கன்றுகளை நெகிழிப் பைகளில் வளர்ப்பார்கள். அளவுக்கு மேல் நாள் கடத்தினால் வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். அத்தகைய கன்றை நட்டாலும் தேறுவது கடினம். மலை மாணவர்கள் நாங்களே ஒன்றாய்ச் சேர்ந்து, ஒன்றாய் உண்டு, ஒன்றாய் மூலையில் அமர்ந்து மூன்றாண்டையும் கழித்துவிட்டால் பைக்குள் சுற்றிய வேராகிவிடுவோம். தாய் மண் வேண்டும். பையைக் கிழிக்கவும் வேண்டும்.

பரிமாற்றம் என்றால் இருவழி

'பரிமாற்றம்' என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒருவர் மட்டும் பெற்றுக்கொண்டால் அது பரிமாற்றம் ஆகாது. வருபவன் கொண்டுவந்ததையும் வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்.

முதலாண்டின் இறுதியில் எங்கள் துறையிலிருந்து தாவரங்களைச் சேகரிக்கக் கொல்லிமலைக்குச் சென்றோம். எழுபது வளைவுகளில் முப்பது கடப்பதற்குள் வகுப்பில் பாதிப் பேர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்கள். மேலே சரிவில் இறங்கும்போது, "கேரளாவா?" என்று முன்பு என்னைக் கேட்ட அதே நண்பர் கால் நடுங்கி நின்றார். கையைப் பிடித்து இறக்கினேன். பாதியில் மூச்சு வாங்க அமர்ந்தவர், "இப்பத்தான் தெரியுது, எங்க ஊர்ல நீ எப்படித் தவிச்சிருப்பேன்னு" என்றார். எழுபது வளைவு ஏறி வந்ததன் பயனை அந்த ஒரு சொல்லில் பெற்றேன்.

ஒரு காட்டின் ஓரத்தில் பேராசிரியர் நின்று, "இது சாமை, பேனிகம் சுமட்ரென்ஸ்" என்றார். நான் தயங்கித் தயங்கி, "சார், இங்கே சாமையிலேயே பல வகை இருக்கு. மல்லிய சாமை, திரிகுலச் சாமை, கட்டவெட்டிச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமைன்னு சொல்வோம்" என்றேன். அவர் குறிப்பேட்டைத் திறந்து, "மெதுவாச் சொல்லு, எழுதிக்கறேன்" என்றார். நான் சொல்ல, என் பேராசிரியர் எழுதினார்! எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்தே எங்கள் மலையில் சிறுதானிய வகைகளைக் காப்பதற்காகப் பாடுபட்டு வருவதையும், எங்கள் ஊர்ப் பெண்கள் மடியில் முடிந்து வைத்த விதைகள் ஆராய்ச்சிக்கு எவ்வளவு அரியவை என்பதையும் அவர் அங்கேயே எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். அதுவரை என் வீட்டுச் சோறு எனக்கு வெட்கமாய் இருந்தது. அன்றைக்கு அது பாடமாயிற்று. அந்த மதியம் எங்கள் வீட்டு வாசலில் வகுப்பு முழுதும் அமர்ந்து சாமைச் சோறு உண்டது. அம்மா ஒவ்வொருவரையும் பேர் கேட்டுப் பரிமாறினார்.

அன்று முதல் நான் ஊர்ப்பெயரை மறைப்பதில்லை. என் புதிய வேர்த்தூவிகள் முளைத்தது அந்தக் காட்டோரத்தில்தான் என்று சொல்லுவேன்.

முதல் நாற்பது நாள்

ஆகவே, கல்லூரிக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருவோரின் பொருட்டுச் சில வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகிறேன். இவற்றுக்குப் பணம் செலவில்லை.

ஆசிரியப் பெருமக்களே! முதல் மாதத்தில் ஓர் ஆங்கிலக் கலைச்சொல்லைச் சொல்லும்போது அதற்குரிய தமிழ்ச் சொல்லையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவனுக்கு அது கம்பளிக்குள் படுக்கும் முறையைக் காட்டிக்கொடுப்பது போன்றது.

மூத்த மாணவர்களே! எந்தச் சான்றுக்கு எந்தெந்தத் தாள்கள் வேண்டும், எந்தச் சாளரத்தில் கேட்க வேண்டும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பவற்றை ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். புதியவர்களிடம் உங்கள் வெற்றிகளைச் சொல்வதற்கு முன் உங்கள் பள்ளத்தைச் சொல்லுங்கள்.

புதிதாக வரும் தம்பி, தங்கைகளே! வாட்டம் வரும். அது நோயன்று, வேர் பிடிப்பதன் அறிகுறி. ஒரு பிடி தாய் மண்ணை விடாதீர்கள். இந்த ஊரில் ஒருவரையாவது பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகுங்கள். தெரியாததைக் கேட்க நாணாதீர்கள். நாற்பது நாளுக்குள் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

வல்வில் ஓரி ஆண்ட மலை எங்களுடையது. தன்னை இன்னாரென்று அறியாமல் காட்டு வழியில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டத்துக்கு, வேட்டையாடிய மான் இறைச்சியும் மதுவும் தந்து, பொன்னும் மணியும் அங்கேயே அள்ளிக்கொடுத்தான் அவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்த ஓரிக்கு ஆடி மாதந்தோறும் எங்கள் மலையில் விழா நடக்கிறது. இவ்வாண்டு விழாவுக்கு என் தோழனும் ஆலையிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். கூட்டத்திலிருந்து ஒதுங்கி ஒரு பாறைமேல் அமர்ந்தோம். அந்த இரவு நான் பையைக் கட்டி வைத்திருந்ததையும், அழுததையும், அவனிடம் பொய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

நெடுநேரம் கீழே தெரிந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றான்.

அடுத்த ஆண்டு விண்ணப்பம் வழங்கத் தொடங்கியதும் அவனுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு மலையேறுவதாக இருக்கிறேன். அவன் சேர்வானா, மாட்டானா என்பது அவன் முடிவு. ஆனால் இம்முறை அவன் கேட்டால் உண்மையைச் சொல்வேன். நண்பர்களே, உங்கள் பக்கத்து இருக்கையில் தலை சாய்ந்து அமர்ந்திருக்கும் புதியவனிடம் நீங்களும் அதையே சொல்லுங்கள்.